சர்வர் அறையில் காய்ந்த சீருடை

மழைக்காலத்தில் கொட்டகலைப் பக்கம் துணி காய்வதில்லை. கொழும்பிலிருந்து சர்வர் பார்க்க வந்திருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஈரச் சீருடையோடு மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிப் பாருங்கள், சிரிப்பு வராது.

எங்கள் ஃபெக்டரியில் நல்ல சூடான இடம் இரண்டு. கொழுந்து காயவைக்கும் அடுப்பில் துணி போட்டால் தேயிலையில் சவர்க்கார வாசம் வரும். மிச்சம் இருப்பது என் சர்வர் அறை. பெட்டி ஒன்றுதான்; அதற்குள் நாலைந்து கம்ப்யூட்டர் தனித்தனியாகக் குடியிருக்கும். எங்கள் தோட்டத்து லயம் வீடுகள் மாதிரி, ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள். பெட்டியின் முதுகில் வரும் வெக்கைக்கு மகளின் சட்டை மத்தியானத்துக்குள் அப்பளமாகிவிடும்.

ஒருநாள் சட்டை சரிந்து காற்று வழியை அடைத்துக்கொண்டது. பெட்டி சூடேறி அணைந்தது. அன்றைக்கு நிறுத்த கொழுந்தின் எடையெல்லாம் அதோடு போயிற்று. பறித்த பெண்களுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. ஃபெக்டரி வாசலில் அவர்கள் திட்டியதை இங்கே சொல்ல எனக்கு வெட்கம்.

எடையைக் கம்ப்யூட்டரில் பதிவது பூரணி. அவள் லயத்திலிருந்து ஆபிசுக்கு வந்த முதல் ஆள். சர்வருக்குப் பக்கத்துப் பிளக்கில் கேத்தல் போட்டுத் தேத்தண்ணி ஊற்றுவாள். எனக்கும் தருவாள்.

"கேத்தல் போட்டுத்தான் கரண்ட் போயிருக்கு," என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. பெரியவர்களை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

பிறகு நீங்கள் போனில், பெட்டியின் உள்பதிவுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி அனுப்பச் சொன்னீர்கள். அதில் சூடேறிய கணக்கும் வரும் என்று தெரியும். மூட்டை பாதியில் நின்றது. திரும்பக் கட்டச் சொன்னீர்கள், திரும்பவும் நின்றது. நீங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு வருந்துகிறேன். மூட்டை வைக்கும் இடத்தை மச்சான் கஸ்பரின் கல்யாண வீடியோவால் நிரப்பியிருந்தேன். திரையில் வந்ததை உங்களுக்கு வாசித்தபோது 'இடமில்லை' என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். அதற்குள் பழைய பதிவுகள் தானாக அழிந்துவிட்டன. இன்று வீடியோவை நீங்களே கண்டுபிடித்துவிட்டதால் சொல்கிறேன். நல்ல கல்யாணம்.

பூரணியைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். அரைப் பேர் வாங்கிய அதே பெண்களோடுதான் அவளுக்குப் பறிக்கும் நிரை. யாரும் அவளோடு பேசுவதில்லை.

மலைக்குப் போகும் முன்பு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் கேத்தலே போடலங்க. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

அழுதாள். எனக்கு இளகிய மனசு, தாங்கவில்லை. உடனே அவளையும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்திவிட்டு, துரையின் அறைக்குள் சென்று சொன்னேன்.

"பாவம் சேர், அந்தப் புள்ள வேணும்னு செஞ்சிருக்க மாட்டா."

வெளியே வந்ததும் பூரணி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த ஆபிசில் அவளுக்காக வாய் திறந்தது நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.