ஒரு சின்னத் திருத்தம்

கேட்டுச்சாண்ணா?

தோ, மறுபடியும். ஒரு நாப்பது அம்பது பேரு ஒண்ணாச் சிரிக்கிற மாதிரி. பக்கத்து வீட்டு டிவின்னு நெனைச்சிடாதீங்க. ஏழு மணிக்குப் போன கரண்ட்டு இன்னும் வரல, செம்மண்டலமே இருட்டுல கெடக்கு, எந்த வீட்ல டிவி ஓடப்போவுது? உள் ரூம்லேர்ந்துதான் வருது. இவருதான். செல்போன்ல போட்டுக் கேக்குறாரு.

ஐயோ, எந்திரிக்காதீங்க. கதவத் தட்ட வேணாம். மொதல்ல நீங்க உக்காருங்க. உத்திராபதி அண்ணா, நீங்க வந்திருக்கீங்கன்னு இப்போதைக்கு அவருக்குத் தெரிய வேணாம். அந்தச் சிரிப்பு ஓடுற வரைக்கும் நாம பேசலாம், அவரு காதுல விழாது. நின்னுச்சுன்னா நாமளும் நிறுத்திடணும். ஒம்பது நாளா இந்த வீட்ல பேச்சு இப்டித்தான்.

சாப்புடுங்க. ரெண்டே இட்லிதான். ஹாட்பாக்ஸ்ல இருந்தது, சூடாத்தான் இருக்கும். சாயந்தரம் அஞ்சரைக்கு அவிச்சது. இவரு கிட்ட அப்டிச் சொல்லியிருந்தா, ஒரு சின்னத் திருத்தம், அஞ்சு முப்பத்தேழும்பாரு.

பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. பரவால்ல, உங்க மேல தப்பு சொல்லல. அந்த வார்த்தையக் கேட்டா சிரிக்கணும்னு ஊருக்கே பழக்கி வச்சுட்டாங்கல்ல.

நேத்து போன்ல சொன்னீங்களே, அந்தச் சீட்டு. சட்டப் பாக்கெட்லயா இருக்கு? மெட்ராஸ்ல ஷூட்டிங்குக்கு லைட்டு போடுற உங்க மச்சான் எழுதிக் குடுத்த நம்பரு. அத அவருகிட்ட குடுத்துடாதீங்கண்ணா. உங்க கால்ல வேணாலும் விழுறேன். காரணம் இருக்கு. சொல்றேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.

இருங்க.

...ம். ஓடுது.

சனிக்கெழம எட்டு மணிக்கு டிவில ஒரு சிரிப்பு நாடகம் வருதே, பாயிண்ட் பரமசிவம், நீங்க பாக்கலன்னாலும் அண்ணி பாப்பாங்க. படிச்சவன்னு ஒருத்தனக் காட்டணும்னா அவுங்ககிட்ட ஒரு பொட்டி இருக்குண்ணா. அதுல சோடாபுட்டிக் கண்ணாடி இருக்கும், தலைக்கு எண்ண இருக்கும், நெஞ்சு வரைக்கும் ஏத்துன பேண்ட்டு, பாக்கெட்டுக்கு நாலு பேனா. எடுத்து மாட்டி விட்டா ஆளு ரெடி. கம்ப்யூட்டரக் கழட்டி மாட்டத் தெரியும், கத்திரிக்கா வாங்கத் தெரியாது. பொண்ணு எதிர்ல வந்தா வேர்க்கும். ராக்கெட்டப் பத்திப் பேசிக்கிட்டே நிப்பான், கட்டியிருக்குற லுங்கி அவுந்தது தெரியாது. ஹவுஸ் ஓனர் பொண்ணு பழம் பழம்னு கூப்புடும். வீட்டு வேலைக்கு வர்ற அம்மா வரைக்கும் அவன ஏமாத்தும். அவன் ஒருத்தரையும் ஏமாத்த மாட்டான். அதுவும் அதுல காமெடிதான். வாயத் தொறந்து ஒரு சின்னத் திருத்தம்னு ஆரம்பிச்சாப் போதும், சிரிப்பப் போட்டுடுவாங்க.

இவரு கண்ணாடி கூடப் போடல. நீங்க தெனம் பாக்குறீங்க, ஆளு எவ்ளோ நீட்டா இருக்காரு. ஆனா அந்த வார்த்த இருந்துச்சே. காலம்பற ஆறு அம்பது சிதம்பரம் பஸ்ல நீங்க பக்கத்து சீட்டுதான? கண்டக்டரு கோவிந்தசாமி, பாயிண்ட் சாரு ஏறிட்டாரு, ரைட்டு போலாம்பாராமே. மொதல்ல எல்லாம் அவரும் சேந்து சிரிச்சிருக்காரு. அப்பறம் ஒரு நாள் சாப்புட்டுக்கிட்டே இருந்தவரு கேட்டாரு, ஜான்சி, இந்த வார்த்தைய நான்தான் மொதல்ல சொன்னனா, இல்ல அவனப் பாத்து நான் சொல்றனா? அப்டிக் கேட்டாருண்ணா. நான் ரசம் ஊத்திக்கிட்டிருந்தேன். எலைக்கு வெளிய ஊத்திட்டேன்.

காலேஜ்ல நடந்தது உங்களுக்குத் தெரியும். ரெண்டாம் வருஷத்துக்கு இவரு பிசிக்ஸ் கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தாரு. போர்டுல யாரோ போட்ட கணக்குல புள்ளி ஒரு எடம் தள்ளி இருந்துச்சாம். இவரு பழக்க தோஷத்துல, ஒரு சின்னத் திருத்தம்னுட்டாரு. அம்புட்டு பசங்களும் செல்போன்ல அந்த சிரிப்ப ரெடியா வச்சிருந்திருக்காங்க. ஒரே நேரத்துல அமுக்கிட்டாங்க. பொம்பளப் புள்ளைங்களும்தான். இவரு சாக்பீஸ கீழ வச்சாரு, புள்ளியச் சரி பண்ணாம அப்டியே வெளிய வந்தாரு. சரி பண்ணாம வந்தாருண்ணா, இவரு. அன்னைக்கு வந்து ரூம்ல உக்காந்தவருதான்.

அழுவல. கத்தல. லாப்டாப்ல அந்த நாடகம் அத்தனையும் போட்டு, சிரிப்ப மட்டும் தனியா வெட்டி எடுத்தாரு. நோட்டு போட்டு எழுதுறாரு. எத்தனாவது நிமிஷம், எத்தன செகண்டு, யாரு யாரு சிரிக்கிறா. நானும் கெடக்கட்டும், மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன். நாலாம் நாளு வெளிய வந்து, கண்ணெல்லாம் செவந்து போயி, என்னமோ பாஸான மாதிரி சொல்றாரு. ஜான்சி, இவனுங்க ஒவ்வொரு வாரமும் புதுசா சிரிக்கல. ஒரே நாள்ல ரெக்கார்டு பண்ண சிரிப்பு. அதையே வெட்டி வெட்டி ரெண்டு வருஷமா ஒட்டிக்கிட்டு இருக்காங்க. அதுல ஒரு பொம்பள இருக்கு. எல்லாரும் சிரிச்சு ஓஞ்ச பெறகு, கடைசியா அது மட்டும் மூச்ச உள்ள இழுக்கும். அடிபம்புல தண்ணி வராதப்ப ஒரு இழுப்பு இழுக்கும் பாரு, அந்த மாதிரி.

அந்தப் பொம்பளைக்கு நோட்டுல அ.ப.ன்னு பேரு வச்சிருக்காரு. அடிபம்பு. இது வரைக்கும் நாப்பத்தோரு எடத்துல புடிச்சிருக்காரு.

இருங்கண்ணா. நின்னுடுச்சு.

...

...பக்கம் திருப்புறாரு. பயப்படாதீங்க. தோ, ஆரம்பிச்சாச்சு.

கதவு சாத்தித்தான் இருக்கு, தாழ்ப்பா போடல. அது ஒண்ணுதான் நான் அவருகிட்ட கேட்டது. சோறு திங்கலன்னா பரவால்ல, குளிக்கலன்னா பரவால்ல, தாழ்ப்பா மட்டும் போடாதீங்கன்னு கேட்டேன். சரின்னாரு. சொன்னா சொன்னபடி நடக்குற மனுஷன். அதுவும் அந்தத் தாழ்ப்பா தெரியாத்தனமா விழுற தாழ்ப்பா இல்ல. புயல்ல நனைஞ்சு கதவே உப்பிப் போச்சு. ரெண்டு கையால கதவத் தூக்கிப் புடிச்சு, அப்பறம் தள்ளுனாதான் விழும். வேணும்னு போட்டாத்தான் உண்டு. ராத்திரியில நான் படுக்குறதே இந்தக் கதவப் பாத்துத்தான். புள்ள இந்தப் பக்கம், கதவு அந்தப் பக்கம்.

அந்த நாடகம் எடுக்குறவங்க நம்பர் எதுக்குக் கேட்டாருன்னு உங்ககிட்ட சொன்னாரா? சண்ட போடறதுக்கு இல்ல. அந்தப் பொம்பள யாருன்னு கண்டுபுடிக்கணுமாம். ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம். தெர்மாமீட்டர் எடத்துல எதுக்குங்க சிரிச்சீங்கன்னு. அவ்ளோதான். அதுக்குத்தான் இந்தப் பாடு.

தெர்மாமீட்டர் கத உங்களுக்குத் தெரியாதுல்ல? வினோ எட்டாம் மாசத்துல பொறந்தவ. தோ, இங்க தூங்குறாளே, இந்த வாலு, அன்னைக்கு ஒரு கிலோ முன்னூறு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருபத்தோரு நாளு. வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தப்ப தொடவே எனக்கு பயம். இவருதான் ராத்திரி பூரா உக்காந்திருப்பாரு. காலேஜ் லேப்ல இருக்குற மாதிரியே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்து, பால்ல வச்சுப் பாத்து, முப்பத்தேழு டிகிரி வந்தாதான் புள்ள வாயில வைப்பாரு. ஒரு நாளைக்கு எட்டு வேள. எட்டு வேளையும் நோட்டுல எழுதி வச்சிருக்காரு. அந்த நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு.

அந்த நாடகத்துல மொத வாரமே அது வந்துச்சு. பரமசிவம் காபி குடிக்கிறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர முக்கிப் பாப்பான். ஒரு சின்னத் திருத்தம், இது காபி இல்ல, வெந்நீரும்பான். ஊரே சிரிச்சுச்சு. தெர்மாமீட்டர எடுத்துக்கிட்டாங்க, புள்ளைய விட்டுட்டாங்க.

யாரு சொல்லியிருப்பாங்கன்னா கேக்குறீங்க? இவருக்கும் அதான். வீட்டுக்குள்ள நடந்தது டிவிக்கு எப்டிப் போச்சுன்னு. மொதல்ல உங்க மேல சந்தேகம். கோவிச்சுக்காதீங்க. பஸ்ல என்னைக்காவது உங்ககிட்ட சொல்லியிருப்பனோன்னு யோசிச்சாரு. அப்பறம் உங்களுக்கு ரெண்டு நாள் தாண்டி எதுவும் ஞாபகம் இருக்காதுன்னு விட்டுட்டாரு.

நேத்து சாயந்தரம் ஒண்ணு நடந்துச்சுண்ணா. அதான் உங்களுக்கு ஒடனே போன் பண்ணேன். இவரு தண்ணி குடிக்க வெளிய வந்தாரு. வினோ எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சா. பூன தும்முச்சுன்னு நெனைக்கிறேன். சிரிச்சு முடிச்சு கடைசில அவ மூச்ச உள்ள இழுத்தா. இவரு சொம்ப வாய்ல வச்சவரு அப்டியே நின்னுட்டாரு. புள்ளையவே பாத்தாரு. என்னப் பாக்கல. இன்னும் பாக்கல.

ஒம்பது நாளா நான் சிரிக்கலண்ணா. நீங்க வந்ததும் வராததுமா அந்தக் கரண்ட் ஆபீஸ் ஜோக்கு சொன்னீங்க, நான் முந்தானைய வாய்ல வச்சுக்கிட்டேன், கவனிச்சீங்களோ இல்லயோ. கான்வென்ட்ல ராஜாமணி சிஸ்டர் என்ன எத்தன தடவ கிளாஸுக்கு வெளிய நிக்க வச்சிருக்காங்க தெரியுமா, உன் சிரிப்பு சேப்பல் வரைக்கும் கேக்குது ஜான்சின்னு. இவருக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப் போச்சு, அதனாலதான் வெளங்கல. பக்கத்துலயே இருக்குறது காதுல விழாது போல.

ஆமாண்ணா. அந்த இழுப்பு என்னுதுதான்.

தண்ணி குடிங்க. மெதுவா.

உங்க வீட்டு அறிவாளியப் பத்தி எழுதி அனுப்புங்கன்னு டிவில போட்டாங்க. பத்திரிகைக்கெல்லாம் நான் எழுதிப் போட்டது அத்தனையும் திரும்பி வந்துச்சு. இது ஒண்ணுதான் திரும்பி வரல. புள்ள தூங்குன பெறகு நாலு பக்கம் எழுதுனேன். ஆசையாத்தான் எழுதுனேன். சத்தியமா. இப்டி ஒரு மனுஷன் எந்த வீட்ல இருக்காருன்னு நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்னு. எட்டு வேள பாலு, அந்த நோட்டு, ஒரு சின்னத் திருத்தம், எல்லாம் எழுதுனேன். அவுங்க கடுதாசி போட்டாங்க. பரிசு உண்டு, மொத ஷூட்டிங்கு பாக்க வாங்கன்னு. கூடப் படிச்ச அனுப்பிரியாவுக்குக் கல்யாணம்னு இவருகிட்ட பொய் சொல்லிட்டு, புள்ளைய சிதம்பரத்துல எங்கம்மா கிட்ட விட்டுட்டு மெட்ராஸுக்குப் போனேன். அவரே வந்து பஸ் ஏத்தி விட்டாரு.

சேர் போட்டு உக்கார வச்சாங்க. ஒருத்தரு கையத் தூக்குனா சிரிக்கணும். அந்தத் தெர்மாமீட்டர் வந்துச்சு. நாடகத்துல புள்ள எங்கன்னு தேடுனேன். அதுக்குள்ள கையத் தூக்கிட்டாரு. சுத்தி எல்லாரும் சிரிக்கிறாங்க. புள்ள பொறந்ததுலேர்ந்து ரெண்டு வருஷமா நான் சிரிச்சதே இல்ல, பயந்து பயந்தே கெடந்தவ. என்னமோ ஒடஞ்ச மாதிரி வந்துடுச்சு. எல்லாரும் நிறுத்துன பெறகும் எனக்கு நிக்கல. அந்தக் கையத் தூக்குன ஆளு, சூப்பரு மேடம்னாரு.

அந்த நம்பருக்குப் போன் போட்டா என் கடுதாசிய எடுத்துப் படிப்பாங்க. கீழ அட்ரஸ் இருக்கு. மிசஸ் ஞானசேகரன், செம்மண்டலம், கடலூர்.

நானேவா? நானே சொல்லத்தாண்ணா தெனம் அந்தக் கதவு வரைக்கும் போறேன். நாளைக்கு சொல்றேன். நாளைக்குக் கண்டிப்பா சொல்றேன். அந்தச் சீட்டக் குடுங்க, மெழுகுவர்த்தியில காட்டிடுறேன். குடுத்துடுங்க. ம்.

என்ன பரிசா? அது எதுக்கு இப்ப. பெருசா ஒண்ணும் இல்ல. தோ, அந்த ஹாட்பாக்ஸுதான். இதுல எத்தன மணி நேரம் சூடு நிக்குதுன்னு அவரே அளந்து மூடியில எழுதி ஒட்டியிருக்காரு பாருங்க.

ஏண்ணா தட்டத் தள்ளி வைக்கிறீங்க? அய்யோ, இட்லி என்னண்ணா பண்ணுச்சு? வாய்ல இருக்குறத என்ன பண்றதுன்னு முழிக்கிறீங்களே, முழுங்குங்கண்ணா, போலீசா வரப்போவுது, அய்யோ அய்யோ உங்க மூஞ்சியப் பாத்தா...

...

நான் இப்ப சிரிச்சனா?

அண்ணா. சத்தமாவா சிரிச்சேன்?

உள்ள சிரிப்பு எப்ப நின்னுச்சு? நான் சிரிக்கிறதுக்கு முன்னாடியா? நீங்க கவனிக்கலயா?

பேசாதீங்க.

...

என்னங்க. என்னங்க, உத்திராபதி அண்ணா வந்திருக்காரு. நாங்க சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். இட்லி இருக்கு, எடுத்துட்டு வரட்டா? சாயந்தரம் அஞ்சரைக்கு அவிச்சது. கேக்குதா? அஞ்சரைக்குங்க. தப்பாத்தான சொல்றேன்? ஏதாவது சொல்லுங்க. ஒரு சின்னத் திருத்தம்னாவது சொல்லுங்க.

அண்ணா, கதவத் தூக்குறாரு.

ரெண்டு கையாலயும் தூக்குறாருண்ணா. தோ. தாழ்ப்பா விழுந்துடுச்சு.