தரையில் பரப்பிய இலைத்துண்டுகள்

பெயரும் முகவரியும் மேலே கண்டபடி. வயது நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலை செய்கிறேன். இன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். என் மனைவியை விசாரணைக்காக இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். தானாக முளைத்த செடி என்றால் அவளுக்கு உயிர். கடைக்குக் கிளம்பினால் மதிலோரம் நிற்பதை எல்லாம் நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவாள். பூக்கும்வரை காத்திருக்காமல் இலையைப் பார்த்தே ஆளைச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி. விளிம்பு, நரம்பு, இலை காம்பில் சேரும் இடம், கசக்கினால் வரும் வாசனை என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு முழுசாகப் பீற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, காலி மனையில் மணத்தக்காளி தளதளவென்று நிற்பதைப் பார்த்து, அவளை அசத்தலாம் என்று ஒரு பை நிறையப் பறித்தேன். எனக்குக் கடும் சளி, மூக்கு அடைத்திருந்தது. அதன் பிறகு வீட்டுக்கு வந்து, இலைகளின் அடியைக் காம்போடு கிள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மீதியைப் பொடியாக நறுக்கினேன். எப்போதும் அவள் ஒவ்வொரு இலையாகப் பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள். அன்று அவசரத் தையல்.

"பாத்துட்டீங்களா?" என்றாள்.

"வாத்தியாரம்மா சொன்ன மாதிரியே பாத்தாச்சு" என்றேன்.

சிரித்துக்கொண்டே வேகவைத்துக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போனாள். நான் மட்டும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு நாக்கு வறண்டது. அதன் பிறகு சுவர் மூச்சு விடத் தொடங்கியது. ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லும்படி ஆய்வாளர் கேட்டதால் இதையும் சொல்கிறேன். மெஷின் சத்தம் மழையாகி, அறைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. நான் இதுவரை அறுத்த கண்ணாடிகள் எல்லாம் பச்சை இலைகளாகி ஜன்னல் வழியே வந்து அதில் மிதந்தன. இறந்துபோன அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அவற்றுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அந்தத் தண்ணீருக்குள் என் மனைவி மண்டியிட்டிருந்தாள். குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, நான் கிள்ளிப் போட்ட துண்டுகளைப் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"காம்புல சேர்ற இடத்துல இலை ஒரு பக்கம் மேலயே நின்னுடுச்சு, ஒரு பக்கம் கீழ இறங்கியிருக்கு" என்றாள். கசக்கி முகர்ந்தாள். "ஐயோ, இது ஊமத்தைங்க!"

அதன் பிறகு பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட்டு என்னை வண்டியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் செடியின் பெயரைச் சொன்னதால், டாக்டர் தட்டித் தடவாமல் அதற்கான வைத்தியத்தைத் தொடங்கினார்.

"டாக்டருக்கு முன்னாடி அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஒரு வாய்கூடச் சாப்பிடலையே!" என்று என் அக்கா புகார் கொடுத்திருக்கிறார். அக்காவுக்கு என்மேல் பாசம் அதிகம், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் கோபமாக வருகிறது. பறித்தது நான், சரி என்று சொன்னது நான், பிழைக்க வைத்தவள் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

சுவர் மூச்சு விட்டதைப் பார்த்தவர், மனைவி இலையைப் புரட்டியதைப் பார்த்ததாகச் சொன்னால் எப்படி நம்புவது என்று ஆய்வாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நான் கண்டதெல்லாம் அழகாக இருந்தது. அவள் முகம் மட்டும் அழகாக இல்லை. கண்ணும் மூக்கும் ஒழுக, பயத்தில் வாய் கோணிக் கிடந்தது. அப்படி ஒரு முகத்தை அவளுக்கு நானாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

எழுத்தர் படித்துக்காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதுதான், எல்லாம் உண்மைதான். அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வெளியே காத்திருக்கிறேன்.

(ஒப்பம்)