கூடுதல் அடி

ஸ்டேஷன் டீயில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். சேவியருக்கும் அப்படித்தான்.

மூட்டை சரிந்தபோது என் கை எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சுமை தூக்குகிற எவனும் முதலில் அதைத்தான் கேட்பான். நாங்கள் இருவர் இருவராக வேலை பார்ப்போம். ஒருவன் மூட்டையை முதுகில் ஏற்றிவிடுவான், மற்றவன் குனிந்தபடி பலகைமேல் நடந்து லாரியில் ஏறுவான். ஏறுகிறவனுக்குப் பின்னால் பார்க்க வழியில்லை. அதனால் ஏற்றிவிட்டவன் உள்ளங்கையை மூட்டைமேல் வைத்தபடி பலகை முடியும்வரை கூடவே போக வேண்டும். அந்தக் கை இருக்கிறது என்று நம்பித்தான் அவன் காலை எடுத்து வைப்பான். நான் ஏற்றிவிடுகிறவன். சேவியர் ஏறுகிறவன்.

கையைச் சொல்வதற்கு முன் கோடாரியைச் சொல்ல வேண்டும்.

மார்க்கெட்டுக்கு எதிரே ஸ்ரீமதி என்ற பெண் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். மத்தியானம் லாரி வரத் தாமதமானால் நானும் சேவியரும் அங்கே போய் உட்காருவோம். பேய்களை வெட்டிக்கொண்டே போகிற விளையாட்டு. தலை நரைக்கிற வயதில் எழுத்துக் கற்றவன் நான். தமிழ் எழுத்து அறிவொளி வகுப்பில் வந்தது. ஆங்கில எழுத்து சேவியர் சொல்லிக்கொடுத்தது. அந்த விளையாட்டில் என் ஆளுக்கு என் பெயரையே வைத்தேன், சேதுபதி என்று. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி நானே அடித்தது. ரேஷன் அட்டையில்கூட என் பெயரை வேறு யாரோதான் எழுதினார்கள்.

என் ஆளுக்கு ஒரு வித்தை உண்டு, கோடாரியைச் சுழற்றி வெட்டுவது. மோதிரம், கையுறை என்று எதை மாட்டினாலும் பேய் சாகவில்லை.

“என்னண்ணே, கொசு ஓட்டுறீங்களா?” என்று சேவியர் சிரித்தான். “மோதிரத்துல வாரதும் கோடாரில வாரதும் ஒரே சட்டிச் சோறுண்ணே. ரெண்டையும் கூட்டிக்கிருவான், அம்புட்டுத்தான். நூறு அடிக்கிற எடத்துல நூத்தம்பது வரும். ஆனா எதிராளி மொதல்லயே காயம்பட்டிருந்தா அது தனிச் சட்டி. மொத்தத்தையும் ரெண்டு மடங்காக்கிரும். முதுகுப் பக்கம் நின்னு அடிச்சா அதுக்கு மேல இன்னொரு ரெண்டு மடங்கு.”

“அப்ப அந்த அடி என்னோடது இல்லையாடா?”

“ஒங்க அடி நூறுதாண்ணே. மிச்சமெல்லாம் அவன் நிக்கிற நெலமையில வாரது.”

மழைக்காலம் முழுக்க விளையாடி ஒரு நீலக் கோடாரி கிடைத்தது. மாசியில் உறவுக்காரர் சாவுக்காக வேடசந்தூர் போய்விட்டு வந்து பார்த்தால் என் ஆள் வெறுங்கையோடு நிற்கிறான்.

“கோடாரியக் காணோம்டா.”

“விடுங்கண்ணே. பொம்மக் கோடாரிக்கா மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? வேற எடுத்துக்கலாம்.”

எப்படிக் காணாமல் போனது என்று அவன் கேட்கவில்லை. எடுக்காதவன் கேட்டிருப்பான் அல்லவா? அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். நான் உள்ளே போனால் எழுந்து இடம் கொடுத்தான். முன்பும் கொடுப்பான்தான். இப்போது கொடுத்த விதம் வேறு. தூக்குச்சட்டியிலிருந்து வெஞ்சனத்தை எடுத்து எனக்கு வைத்தான். மனது குத்தாதவன் எதற்காக வைக்கிறான்?

நான் ஆத்திரக்காரன் இல்லை, ஐயா. பொறுத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கோடைமழை பெய்திருந்தது. ஈரப் பலகையில் மரத்தூள் தூவுவது என் வேலை. தூவவில்லை. அடியில் கிடந்து நனைந்த உருளைக்கிழங்கு மூட்டையாகப் பார்த்து இழுத்தேன். இந்த இரண்டும் ஒரே சட்டி, பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அவனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அது தனிச் சட்டி. தவக்காலம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தான். அது இன்னொன்று. காலை வீங்கச் சொன்னதும் பட்டினி கிடக்கச் சொன்னதும் நான் இல்லை. முதுகுப் பக்கம் நிற்பது என் தொழில்.

பாதிப் பலகையில் கேட்டான்.

“கை இருக்காண்ணே?”

“இருக்கு, போ.”

அப்போது என் கை மூட்டைமேல் இல்லை. கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அடுத்த காலைத் தூக்கியதும் கையை மறுபடி மூட்டைக்குக் கொண்டுபோனேன். கதவைச் சாத்துகிற அளவுக்குத்தான் தள்ளினேன். அவன் முதலில் விழுந்தான். மூட்டை அவன் கழுத்தின்மேல் விழுந்தது.

அவன் மனைவி அன்னாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “கடைசி நேரத்துல நீங்களாச்சும் பக்கத்துல இருந்தீங்களேண்ணே.” நான் ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

அடக்கம் முடிந்த பிறகு சென்டருக்குப் போனேன். அந்த விளையாட்டில் பொருள் போட்டு வைக்க ஒரு பெட்டி உண்டாம். ஸ்ரீமதி திறந்து காட்டினார். உள்ளே நீலக் கோடாரி கிடந்தது.

“ஏனுங்ணா, மறந்துட்டீங்களா? ஊருக்குப் போறப்ப பத்திரமா இருக்கட்டும்னு நீங்கதானுங்க வெச்சீங்க. எப்படி வெக்கறதுன்னு சேவியரண்ணன் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாருங்க.”

இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை வேலைக்கு வருவதற்கு முன்பு அவன்தான் திருப்பி வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். ஸ்ரீமதியையும் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பான். நீங்கள் அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும்.

மற்றபடி நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, கையெழுத்து நானே போடுகிறேன். ஒன்றை மட்டும் மாற்றாமல் எழுதுங்கள். என் அடி சின்ன அடி. மிச்சமெல்லாம் அவன் நின்ற நிலைமையில் வந்தது. அவன் வாயாலேயே சொன்னது.