பெட்டியின் இரண்டு பாதிகள்

— எழுந்தேன். குளிச்சேன். ரொட்டியில தக்காளி தேய்ச்சுத் தின்னேன். மழைக்கோட்டு போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போற வழியில இங்க வந்தேன். தினமும் இதுதான், கராசி. புதுசா என்ன கேக்குற?

— புதுசா ஒண்ணும் இல்லைங்கறதுதான் என் கவலை, எனேகோ. இந்த அர்ராசாத்தே ஊர் மழை பூராவும் உன் தலையிலதான். வர்றே, இந்தத் திரையை முறைக்கிறே, போறே. முதல்ல தலையைத் துடை, கழுதை.

— மையாலெனோட பெட்டி ஓடுதா?

— ஓடுது, ஓடுது. கணினிக்குள்ள கணக்காப் போட்டு வச்ச எண்ணெய்ப் பெட்டி, அது எங்க போகும்?

— நேத்து திரையில இடப்பக்கக் கோடு கொஞ்சம் ஏறியிருந்துச்சு.

— அது நடுக்கம்டா. மூலக்கூறு எங்கயாவது சும்மா நிக்குமா? நடுவுல சூடு, ரெண்டு ஓரத்துலயும் குளிர். கனத்த எண்ணெய் ஓரத்துக்கு ஒதுங்கும், லேசானது நடுவுக்கு வரும். ரெண்டு பாதியும் ஒரே மாதிரி ஆயிட்டா கணக்கு முடிஞ்சது. உன் பொண்டாட்டி மையாலென் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான்.

— ஆயிடுச்சா?

— வசந்தத்துலயே ஆயிடுச்சு. நாங்கதான் கண்டும் காணாம இருந்தோம். இப்ப இந்தக் கணினிக்காக மத்தவங்க கணக்கெல்லாம் காத்துக்கிடக்கு. இன்னைக்கு நிறுத்தணும்.

— இன்னும் ஒரு வாரம்.

— போன மாசமும் இதையேதான் சொன்னே.

— ஓடுற வரைக்கும் அவ வேலைக்கு வந்திருக்கிற மாதிரி இருக்கு.

— எனக்கு மட்டும் இல்லையா? அவ நாற்காலியில நான் இன்னும் உக்காரலடா. சரி, ஒண்ணு கேக்குறேன். கடைசியில ஆஸ்பத்திரியில நீ மட்டும்தான் பக்கத்துல இருந்தே. இதை நிறுத்தாதேன்னு சொன்னாளா? சொல்லியிருந்தா, மேல யார்கிட்ட சண்டை போட்டாவது ஓட விடுறேன்.

— இதைப் பத்திப் பேசவே இல்ல.

— ஒரு வார்த்தைகூடவா? சாப்பாட்டு மேசை நடுவுல ஆப்பிள் மது பாட்டிலை வச்சு, சாப்பிட விடாம நமக்குப் பாடம் எடுத்தவளாச்சே!

— ஜன்னலைத் திறக்கச் சொன்னா. காய்ச்சல்ல உடம்பு கொதிச்சுது. திறந்தேன். வெளிய பனி.

— அப்புறம்?

— கொஞ்சம் நகரு. எதை அழுத்தணும்?

— இதை. எனேகோ... நிஜமாத்தானா?

— நிறுத்திட்டேன்.

— இங்க பாரு. கையைக் கொடு. அப்புறம் என்னடா சொன்னா?

— "நீ நடுங்குறே பார். எனக்குப் போதும், மூடிடு."