படங்கைத் தூக்காத பிள்ளை

நான் பொன்னுத்துரை சிவகரன், வயது 36, தொழில் விஞ்ஞான ஆசிரியர், வதிவிடம் வவுனியா நெளுக்குளம். துணுக்காய்ப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். களப்பயணத்தின்போது விமலேஸ்வரி குகதாசன் என்பவர் குளவி கொட்டி இறந்தமை தொடர்பாக, நான் கண்டதையும் கேட்டதையும் இந்த மரண விசாரணையில் சொல்கிறேன்.

கடந்த மாசி மாதம் வெள்ளிக்கிழமை காலை, பத்தாம் தர மாணவர்களைக் குளத்துச் சூழல் பற்றிய களப்பயணத்துக்கு வான் வண்டியில் அழைத்துச் சென்றேன். அதிபரின் எழுத்து மூல அனுமதி இருந்தது. பெண்பிள்ளைகளுக்குத் துணையாகத் தாய்மாரில் ஒருவர் வரவேண்டும் என்று கேட்டிருந்தோம். காலபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தபடியால் மற்றவர்கள் வர இயலாதென்றார்கள். மாணவி யதுர்ஷிகாவின் தாயாரான விமலேஸ்வரி மட்டும் சம்மதித்தார்.

குளத்தை அடைந்த பின்னர் பறவைகளைப் பார்ப்பதற்காகப் பாடசாலையின் தொலைநோக்கியை அவரிடமும் கொடுத்தேன். கூழைக்கடா ஒன்று மீனை விழுங்குவதைக் கண்டு அவர் சத்தமாகச் சிரித்தார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபோது வெட்கப்பட்டுத் தொலைநோக்கியை மகளிடம் கொடுத்தார். "நாங்கள் படிக்கேக்க வகுப்பால வெளியில கூட்டிக்கொண்டு போறதெண்டால் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குத்தான் சேர்" என்று என்னிடம் கூறினார்.

அதன் பின்னர் ஆண்பிள்ளைகளுடன் நான் நீர் மாதிரி எடுப்பதற்காக, குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுப் பக்கம் சென்றேன். பெண்பிள்ளைகள் குளக்கட்டின் கீழ் மருதமரத்தடியில் படங்கு எனப்படும் தார்ப்பாயை விரித்து, சேகரித்த இலைகளை வகைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். விமலேஸ்வரி அவர்களுடன் இருந்தார். மரத்தின் மேற்கொப்பில் குளவிக்கூடு இருந்ததை நாங்கள் எவரும் அறிந்திருக்கவில்லை. இலைகள் அதை மறைத்திருந்தன.

மாணவர்கள் கல்லெறிந்தார்களா என்று என்னிடம் கேட்கப்பட்டது. எவரும் எறியவில்லை. பருந்தொன்று அந்தக் கொப்புக்குள் பாய்ந்து எழும்பியதைக் கண்டேன். கூடு கலைந்தது அதனால்தானா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதையடுத்துப் பெண்பிள்ளைகளின் அலறல் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது விமலேஸ்வரி பிள்ளைகளை ஒன்றாகக் குந்தவைத்து, படங்கை இழுத்து அவர்கள்மேல் போட்டுக்கொண்டிருந்தார். காற்று பலமாக இருந்தபடியால் படங்கின் ஒரு பக்கம் திரும்பத் திரும்ப எழும்பியது. அவர் உள்ளே போகவில்லை. எழும்பிய விளிம்பின்மேல் குப்புறப் படுத்து, அதை இரண்டு கைகளாலும் அமத்திப் பிடித்தார்.

நான் ஆண்பிள்ளைகளை வானில் ஏற்றிக் கண்ணாடிகளைப் பூட்டும்படி சாரதி முத்தலிப்பிடம் கூறிவிட்டு, சேட்டைக் கழற்றித் தலையில் சுற்றிக்கொண்டு மருதமரத்தை நோக்கி ஓடினேன். பாதி வழியில் முகத்திலும் கழுத்திலும் குளவிகள் கொட்டின. கண் தெரியாமல் கட்டுச் சரிவில் விழுந்தேன். எழும்பி மறுபடியும் போக முயன்றேன், முடியவில்லை. ஆண்பிள்ளைகளை வானுக்குள் வைத்துப் பூட்டிய பின்னர் முத்தலிப் பக்கத்து வயலுக்கு ஓடி, வெட்டிக்கொண்டு நின்றவர்களைக் கூட்டி வந்தார். அவர்கள் வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். புகை பரவிய பின்னரே எங்களால் கிட்டப் போக முடிந்தது.

விமலேஸ்வரி அப்போதும் படங்கின்மேலேயே கிடந்தார். மூச்சு மெதுவாக இருந்தது. கண்கள் வீங்கி மூடியிருந்தன. அவரைத் தூக்க முயன்றபோது படங்கும் கூடவே வந்தது. முத்தலிப் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே இருந்த பெண்பிள்ளைகளில் இருவருக்கு மட்டும் கையில் குளவி கொட்டியிருந்தது. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வழியில் வானுக்குள் மகளின் மடியில் அவருடைய மூச்சு நின்றது. அவர் இறந்துவிட்டதாக வைத்தியசாலையில் உறுதிப்படுத்தினார்கள்.

படங்குக்குள் நடந்ததை யதுர்ஷிகா வைத்தியசாலை வாங்கிலில் அமர்ந்திருந்தபடி எனக்குச் சொன்னார். "அம்மா, உள்ளுக்க வாங்கோ" என்று தான் கூப்பிட்டதாகவும், "வாறன், வாறன். பிள்ளையள் ஒருத்தரும் இதைத் தூக்கக்கூடாது" என்று தாய் கூறியதாகவும் சொன்னார். அதன் பின்னர் தாயின் குரல் கேட்கவில்லை. விளிம்பைப் பிடித்திருந்த தாயின் கையை யதுர்ஷிகா படங்கின் உட்பக்கத்தால் தடவிக் கண்டுபிடித்து, அதன்மேல் தன் கையை வைத்திருந்திருக்கிறார். "கை சூடாத்தான் இருந்தது சேர். அதாலதான் அம்மாக்கு ஒண்டுமில்லையெண்டு நினைச்சனான்" என்றார்.

செத்தவீட்டில் உறவினர் ஒருவர், படங்கைத் தூக்கித் தாயை உள்ளே இழுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யதுர்ஷிகாவுக்குக் கேட்கும்படி சொன்னார். நானும் அங்கு நின்றேன். அன்றிலிருந்து யதுர்ஷிகா பாடசாலைக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது தந்தை குகதாசன், "சாப்பாட்டையும் கையால தொடுறாளில்லை சேர், கரண்டி கேக்கிறாள்" என்றார்.

ஆகையால் பின்வருவதையும் எழுதும்படி கேட்டேன். அது இவ்விசாரணைக்கு அவசியமில்லை என்று பதிவு செய்யும் உத்தியோகத்தர் கூறினார். அவசியம் என்று நான் மறுபடியும் கேட்டதன் பேரில் எழுதப்படுகிறது. அந்த நேரத்தில் விளிம்பு ஒருமுறை தூக்கப்பட்டிருந்தால் உள்ளே இருந்த அத்தனை பிள்ளைகளையும் குளவிகள் கொட்டியிருக்கும். நான் வெளியில் நின்று கண்டவன், என்னையும் கொட்டின. யதுர்ஷிகா தன் தாய் சொன்னதையே செய்தார். அந்தப் பிள்ளையில் எந்தப் பிழையும் இல்லை. இந்தப் பகுதியின் பிரதியொன்றை எனக்குத் தரவேண்டும். அதை நான் யதுர்ஷிகாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

மேலே எழுதப்பட்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. விளங்கிக்கொண்டேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நடந்ததை நடந்தபடியே கூறினேன் என்று உறுதிப்படுத்திக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
பொ. சிவகரன்