சுமந்தவள்

மாலை ஆறே கால் மணி. ஏரிக்கரைச் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. காரை ஓட்டி வந்தவர் நண்பன் ஒருவனின் பெரியப்பா. பெரிய டாக்டர். பின் இருக்கையில் ஐந்து வயது மகள்.

மகள் என்றால்... எப்படிச் சொல்வது? பெற்ற மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் உடம்பிலிருந்து எடுத்து வைத்த ஒரு செல்லை வளர்த்து, அச்சு அசலாக அதே முகம், அதே சுருட்டை முடியோடு டாக்டர் உண்டாக்கிய நகல் இவள். சுமக்க ஒரு வயிறு வேண்டுமே? அவருடைய ஆய்வுக்கூடத்தில் துணி துவைக்கும் பெண் அகப்பட்டாள். நான்கு குழந்தைகள் பிறந்தன. ஒன்றுகூடக் கால் மணி நேரம் தாண்டவில்லை.

"உடம்பு தாங்கல சார். விட்டுடுங்க," என்று காலைப் பிடித்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

ஐந்தாவது குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை. வேலையை விட்டு நின்றுவிட்டதாக எழுதிவிட்டு, கட்டடத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் புதைத்தாயிற்று.

ஏரிக்கரையில் கார் தானாக நின்றது. சாவியைத் திருகினார். டக்... டக்... அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் நெடி குப்பென்று அடித்தது. பின்னால் ஒரு சத்தம். சொத்... சொத்... ஈரத் துணி தரையில் இழுபடுகிற மாதிரி.

"அப்பா... என்னை வயித்துல வச்சிருந்தவங்க வந்திருக்காங்க."

குழந்தையிடம் யாருமே அதைச் சொன்னதில்லை. டாக்டர் திரும்பினார். ஜன்னலோரம் ஆஸ்பத்திரி அங்கி. இடுப்புக்குக் கீழே நனைந்து கறுத்திருந்தது.

"குழந்தையக் கூட்டிட்டுப் போறேன் சார்."

"இவ என் பொண்ணு! உன் ரத்தம் ஒரு சொட்டுகூட இவகிட்ட இல்ல!"

"எப்படி இருக்கும்? மொத்தத்தையும் உங்க மேஜையிலதானே விட்டேன்..."

கதவு திறந்தது. குழந்தை இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரால் விரலை அசைக்க முடியவில்லை. அவள் உள்ளே குனிந்து, ஈரக் கையை அவர் அடிவயிற்றில் வைத்தாள். சில்லென்று...

"மத்த நாலு பேரை நீங்க சுமங்க சார்."

ஏரி முழுக்க வலை போட்டு அலசினார்கள். குழந்தை கிடைக்கவே இல்லை. மூன்றாம் மாதம் டாக்டரின் வயிறு வெளியே தெரிந்தது. கட்டி என்றார்கள், நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நண்பனின் அப்பாதான் தன் அண்ணனை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார். போகிற வழியில்தான் டாக்டர் அத்தனையையும் அழுதுகொண்டே சொன்னார்.

ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்தாள். கையில் இருந்த கருவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வெளியே ஓடி வந்து நண்பனின் அப்பாவை அழைத்தாள்.

இருவரும் உள்ளே போனபோது கட்டில் காலி. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. விரிப்பில் இன்னும் சூடு இருந்தது.

கருவி யார் உடம்பிலும் படாமல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மெஷின் திரையில் நான்கு இதயங்கள் துடித்துக்கொண்டிருந்தன... சின்னச் சின்னதாக... வேகவேகமாக...