இம்பாக்ட் கிரஷரை முதலில் சொன்னவன்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்குப் பேரிங் போய்விட்டது மேடம். சத்தத்திலேயே தெரிகிறது. சீக்கிரம் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மோட்டாரும் போய்விடும். யாரும் கேட்காமலே நல்லதைச் சொல்லிவிடுவது என் பழக்கம்.

என் பெயர் இன்பமணி. துறைமுகத்துக்குப் போகிற வழியில், புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சுண்ணாம்புக்கல் மாவு ஆலையில் மெக்கானிக்கல் மேனேஜர். ஃபிட்டர் ரோச் இறந்துபோனானே, அதே ஆலைதான். விபத்து என்று நீங்கள் கேஸை முடித்துவிட்டீர்கள். அது விஷயமாகத்தான் வந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

சுண்ணாம்புக்கல் முரட்டுக் கல் இல்லை. கருங்கல்லோடு ஒப்பிட்டால் சாது. கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்குவதை லாரியில் கொண்டுவந்து, முதலில் உடைக்க வேண்டும், பிறகு மாவாக அரைக்க வேண்டும். அரைப்பதற்கு ரோலர் மில் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. உடைப்பதில்தான் வந்தது. நான் இம்பாக்ட் கிரஷர் என்றேன். வேகமாகச் சுழலும் உருளையில் இரும்புக் கட்டைகள் இருக்கும்; கல் உள்ளே விழுந்ததுமே அடித்துச் சிதறடித்துவிடும். சாதுவான கல்லுக்கு அதுதான் பொருத்தம். ஃபிராங்க்ளின் என்ற பையன், ஜா கிரஷர்தான் வேண்டும் என்றான். இரண்டு இரும்புத் தாடைகள். ஒன்று நிற்கும், ஒன்று மெல்லும். அது மென்று துப்பியதை இன்னொரு மெஷினில் போட்டு மறுபடியும் உடைக்க வேண்டும்.

ஃபிராங்க்ளின் எனக்குக் கீழே சேர்ந்த இன்ஜினியர். மரியாதையான பையன், அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. மீட்டிங்கில் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்கார்ந்ததும், "பெரிய கல்லு வந்தா இம்பாக்ட் தாங்காது சார்" என்றான். முதலாளி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "தம்பி சொல்லுதது சரியாத்தான் படுது" என்றார். பிறகு எல்லோருக்கும் முந்திரி மக்ரூன் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

ஜா கிரஷர் வந்தது. நன்றாகவே ஓடியது. நான் நியாயமான மனிதன், இதை ஒப்புக்கொள்கிறேன். மழை வரட்டும், கல்லோடு களிமண் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். மழை வந்தது, அடைக்கவில்லை. ஃபிராங்க்ளின் அதைப் பற்றிக் கேன்டீனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு திமிர்.

ஒரு மெஷினின் குறை தானாக வெளியே வராவிட்டால், அதை வெளியே கொண்டுவருவது இன்ஜினியரின் கடமை. ஒர்க்ஷாப்பில் பொக்லைன் வாளியின் பழைய பல் ஒன்று கிடந்தது. கல்லை அள்ளும்போது மண்ணைக் கிளறுமே, அந்த இரும்புப் பல். எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் அதைக் கற்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தேன். வைத்தேன் என்றுதான் சொல்கிறேன், எறியவில்லை.

தாடைகள் அதைக் கவ்விக்கொண்டு நின்றன. ஃபிராங்க்ளின் ஓடிப்போய் கரண்டை நிறுத்தினான். அதோடு ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தான். இரும்பு மாட்டிய ஜா கிரஷரை அவன் பார்த்ததில்லை. நான் பழைய வேலையில் பார்த்திருக்கிறேன். கரண்டு போனாலும் தாடையின் அழுத்தம் போகாது. லேசாக நெம்பினால் போதும், இரும்பு குண்டு மாதிரி மேலே பாயும். முதலில் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். அதுவரை வாய்ப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது.

ரோச் கடப்பாரையோடு என்னிடம்தான் வந்தான். ஆலந்தலைக்காரன், நிதானமானவன்.

"சார், ஏதோ இரும்ப கவ்விக்கிட்டு நிக்கி. நெம்பட்டுமா? நீங்க என்ன சொல்லுதிய?"

"ஏலே, அது ஃபிராங்க்ளின் சார் வாங்குன மெஷினு. அவருகிட்ட போய்க் கேளு. நான் சொன்னா இங்கன யாரு கேக்குதா?"

போய்க் கேட்டான். "கரண்டு கட் பண்ணியாச்சு ரோச்சண்ணே, மெதுவா நெம்புங்க" என்று ஃபிராங்க்ளின் சொல்வது எனக்கும் கேட்டது. நான் கொஞ்சம் தள்ளிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கவனமானவன்.

பல் வெளியே வந்தது. ரோச் விழுந்தான். ஓடிப்போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

ஆலையின் விசாரணைக் குழுவில் நானும் இருந்தேன். ரோச் ஹெல்மெட்டின் வாரைச் சரியாகப் போடவில்லை என்று முடிவு செய்தோம். பல் பொக்லைனிலிருந்து கழன்று விழுந்திருக்கும் என்றேன், நம்பினார்கள். அடக்கத்துக்கு ஆலந்தலைக்குப் போனேன். அவன் மனைவி கிளாடிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மெசினப் பத்தி இன்பமணி சார விட்டா ஆளில்லன்னு அவுக சொல்லிக்கிட்டே இருப்பாக சார்." அந்தத் துக்கத்திலும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒருவனுக்காவது தெரிந்திருக்கிறது.

அதன்பிறகு ஃபிராங்க்ளின் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றார்கள். தன்னால்தான் ஒரு உயிர் போனது என்று முதலாளியிடம் போய் அழுதிருக்கிறான். அந்த மெஷினைப் பார்க்கவே முடியவில்லை, எடுத்துவிட்டு இம்பாக்டே போடுவோம் என்று கெஞ்சியிருக்கிறான். போட்டார்கள். இன்று காலையில் அதை ஓடவிட்டார்கள். கிளாடிஸை வரவழைத்து பட்டனை அழுத்தச் சொன்னார்கள். மெஷின் நான் சொன்ன மாதிரியே ஓடியது. முதலாளி மைக்கைப் பிடித்து, "இந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தது நம்ம ஃபிராங்க்ளின் தம்பி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஃபிராங்க்ளின் தலைகுனிந்து நின்றான். என் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேரே இங்கே வருகிறேன்.

பல்லை வைத்தது நான். நெம்பினால் ஆள் செத்துப்போவான் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மனசாட்சி உறுத்தியதா என்று கேட்கிறீர்கள். உறுத்தாமலா மேடம் வந்திருக்கிறேன்? ஒருத்தனுக்குச் சேர வேண்டிய பெயரை இன்னொருத்தன் தட்டிக்கொண்டு போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் முதல் வரியில், இம்பாக்ட் கிரஷரைத் தேர்ந்தெடுத்தது இன்பமணி என்று போடுங்கள். ரோச் விஷயத்தை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.